வாய் தவறி வந்த கிணறு

வக்கீல் சென்னியப்பன் கோர்ட்டில் வாய் தவறி எதைச் சொன்னாலும் அது பொழுது சாய்வதற்குள் நடந்துவிடும் என்பது மங்கைப்பாளையத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். திருப்பூர் பஸ் எப்போதும் தாமதமாக வரும் என்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும், அதனால் யாரும் அதைப் பற்றி வாய் பிளந்து பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒரு வரப்புத் தகராறில், செத்து வருஷங்களாகிவிட்ட சாட்சியை "வெளிய நிக்கறாருங்க, கூப்பிட்டா வருவாரு" என்று அவர் சொல்லிவிட, டவாலி பெயரைக் கூவியதும் அந்த மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டபடி உள்ளே வந்து, சாட்சி சொல்லி, எதிர்த்த பேக்கரியில் ஒரு டீ குடித்துவிட்டு வந்த வழியே போய்ச் சேர்ந்தார். நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால், டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னார் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்வார்கள்.

வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு அவரிடம் போனவர்களும் உண்டு. மாப்பிள்ளை அமையாத பெண்ணைப் பெற்றவர்கள், போர் போட்டுத் தண்ணீர் வராதவர்கள், காணாமல் போன மாட்டைத் தேடுகிறவர்கள் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். மனசு இளகி ஒரே ஒரு முறை அவரும் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்து சொன்னால் அது வெறும் பொய்யாகத்தான் இருந்தது. தப்பு தானாக வர வேண்டும், வந்தால் நீதிபதி ஆசனத்தை விட்டு எழுந்திரிப்பதற்குள் யாராவது திருத்திவிட வேண்டும், திருத்தாவிட்டால் நடந்துவிடும். இதற்காகவே அந்த ஊர் கோர்ட்டில் எந்த நீதிபதி மாற்றலாகி வந்தாலும், கொஞ்ச நாளில், எழுந்திரிக்கும் முன் "திருத்தம் ஏதாவது உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்கிற பழக்கம் வந்துவிடும்.

துளசிமணி அவரிடம் தன் விவாகரத்து வழக்கைக் கொடுத்தது இதெல்லாம் தெரியாமல் இல்லை. அவளுக்கு அப்போது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவள் நடத்தும் மாவு மில்லுக்குப் பக்கத்தில் தையல் கடை, தையல் கடைக்கு மாடியில் சென்னியப்பன், எனவே சென்னியப்பன். அவள் புருஷன் யோகமூர்த்தி நூல் கமிஷன் வியாபாரத்துக்குத் திருப்பூர் போகத் தொடங்கி, தினம் வந்தவன் வாரம் ஒரு முறை வந்து, வாரம் வந்தவன் பண்டிகைக்கு வந்து, கடைசியில் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். அடித்ததில்லை, திட்டியதில்லை, சொல்லிவிட்டுப் போனதும் இல்லை. அவன் ஒரேயடியாகப் போன அந்த வாரம் துளசிமணி மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்; வாங்க வந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று தும்மிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, தனக்குத் தும்மல் வரவில்லை, கண் எரியவில்லை என்று கவனித்தாள். அதற்கப்புறம் தும்மலும் கண்ணீரும் வரவே இல்லை. வீட்டில் ஒரு விளக்கு எரியாமல் போனால், இன்னொரு விளக்கை வைத்துக்கொண்டு சமாளிப்போமே, அப்படி இருந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டாம் வகுப்பில் படிக்கிற மகள் தன்ஷிகா தன்னோடு இருக்க வேண்டும். யோகமூர்த்தியும் அதையேதான் கேட்டிருந்தான், திருப்பூரில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்று.

முதல் வாய்தாவிலேயே அது நடந்தது. சென்னியப்பனிடம் முன்பு வேலப்பன் என்றொரு குமாஸ்தா இருந்தார், ஒவ்வொரு வழக்குக் கட்டையும் ஒவ்வொரு நிறத் துணியில் முடிந்து வைப்பார், நிலத்துக்குப் பச்சை, அடிதடிக்குச் சிவப்பு, குடும்பத்துக்கு மஞ்சள் என்று. அவர் வேறு வக்கீலிடம் போன பிறகு சென்னியப்பன் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து எல்லாக் கட்டையும் வெள்ளையிலேயே முடிந்துகொண்டார். அன்றைக்குக் கை போனது ஒரு பங்காளித் தகராறுக் கட்டுக்கு. எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, "என்ற கட்சிக்காரி வீட்டு வடமேற்கு மூலையில இருக்கற சேந்துகிணத்துல எதிர்மனுதாரருக்குச் சரி பாதி பங்கு உண்டுங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். துளசிமணி கடைசி பெஞ்சில் அமர்ந்து, மில்லில் பெல்ட் மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். திருத்தம் உண்டா என்று நீதிபதி கேட்டது அவள் காதில் விழவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் சமையலறையின் வடமேற்கு மூலையில் கிணறு இருந்தது. கருங்கல் சுற்றுச்சுவர், தேய்ந்த இரும்பு உருளை, கயிறு, வாளி, உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீரும் தண்ணீரில் வீட்டுக் கூரையும். அந்த இடத்தில் இருந்த அரிசி டிரம்மைக் கிணறே பதமாக நகர்த்தி ஓரத்தில் வைத்திருந்தது. தன்ஷிகா சுவரைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, இதுல ஆமை இருக்குமா?" என்றாள். "தெரியல, கை விடாத" என்று சொல்லிவிட்டு துளசிமணி ஒரு பலகையை எடுத்து வாயை மூடினாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஊருக்குத்தான் நிறையத் தோன்றியது. கிணறு வந்தது பற்றி யாரும் பேசவில்லை, அது வடமேற்கில் வந்ததைப் பற்றித்தான் பேசினார்கள். வந்ததுதான் வந்தது, ஈசானிய மூலையில் வந்திருக்கக் கூடாதா என்று எதிர்வீட்டு ருக்குமணி அங்கலாய்த்தாள். ஒருத்தி ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு போய்ப் பருப்பு வேகவைத்துப் பார்த்து, குழைய வேகிறது என்று தெரு முழுக்கச் சொல்ல, மறுநாளிலிருந்து பருப்பு வேகவைக்க மட்டும் குடம் குடமாக வந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, இதை வீட்டுக் கணக்கில் சேர்ப்பதா பாசனக் கணக்கில் சேர்ப்பதா என்று தலையைச் சொறிந்து, ஒரு டம்ளர் குடித்து, உப்பில்லை என்று சொல்லிப் போனார். ஆடி மாதம் ருக்குமணி வீட்டு மருமகள் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். அதற்குள் அது எப்போதும் இருந்த கிணறு போலாகிவிட்டது.

ஆனால் கிணறு இருந்தால் முறையும் இருக்கும், அந்தப் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பன் மகன் முகத்தில் விழிக்காமல் இருப்பார்கள், அண்ணன் தம்பி வெட்டுக்குத்து வரை போயிருப்பார்கள், ஆனால் ஒருவன் முறை நாளில் இன்னொருவன் கயிற்றைத் தொட மாட்டான், முறைக்காரன் வந்தால் வழி விட்டு நிற்பான். முறையை எடுக்காமல் விட்டவனுக்குப் பங்கும் போய்விடும். எனவே யோகமூர்த்தி, சம்சாரத்தை விட்டுவிட்டுப் போனவன், பங்கை விட முடியாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முதல் பஸ்ஸில் வெள்ளைப் பிளாஸ்டிக் கேனோடு வந்து இறங்கினான். துளசிமணி கதவைத் திறந்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள். அவன் சேந்துவான், கேனை நிரப்புவான், மகள் எழுந்து வந்தால் தலையைத் தடவுவான், அடுத்த பஸ்ஸில் போவான். கேனுக்குக் கண்டக்டர் லக்கேஜ் போட்டார். அந்தத் தண்ணீரில் திருப்பூரில் இருப்பவளுக்கும் பருப்பு நன்றாக வேகிறதாம் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள், துளசிமணி அதையும் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது வாய்தாவில் யோகமூர்த்தியின் வக்கீல் எழுந்து, தகப்பன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதிகாலையில் அந்த வீட்டுக்குப் போகிறார், குழந்தை அவரோடு ஒட்டுதலாக இருக்கிறது, அக்கம்பக்கமே சாட்சி, இப்படிப் பொறுப்பான தகப்பனிடமே குழந்தையை விடலாமே என்றார். நீதிபதி அம்மாள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். சென்னியப்பன் எதையோ தேடிக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தீர்ப்புக்கு முன்பு இன்னும் ஒரே வாய்தா பாக்கி என்றானது.

துளசிமணியின் அண்ணன் லோகநாதன் அன்றே மில்லுக்கு வந்துவிட்டான்.

"ஏம்புள்ள, உனக்கு புத்தி கித்தி இருக்குதா? அந்தாளு ஒரு கெணத்தக் கொண்டாந்து, போனவன நடு வீட்ல நிறுத்திட்டாரு. அடுத்தாப்பல வாய் தவறி, கொழந்த அப்பன்கிட்ட இருக்குதுன்னாருன்னா? பொழுது சாய வீட்டுக்குப் போனா புள்ள இருக்காதாக்கும்."

"தெரியுதுண்ணா."

"தெரியுதுன்னு சொல்ற, மூஞ்சில ஒண்ணையுங் காணமே. எந்திரி, போலாம்."

அவன் கூட்டிக்கொண்டு போனது வக்கீல் மோகனசுந்தரத்திடம். அவர் தப்பே செய்ததில்லை, அதுவும் ஊருக்குத் தெரியும். அவர் அறையில் வேலப்பன் உட்கார்ந்து நிறம் நிறமாகத் துணி முடிந்துகொண்டிருந்தார். மோகனசுந்தரம் முழுவதையும் ஒரு முறை கேட்டுக்கொண்டு, ஒரு தேதியைக்கூட மாற்றாமல் திருப்பிச் சொன்னார், பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"ரொம்பச் சுலபமுங்க. அந்தக் கெணத்தையே நாம புடிச்சுக்குவோம். தகப்பன் தண்ணி சேந்த வந்த எடத்துல புள்ளயச் செவுத்து மேல தூக்கி நிறுத்தி மெரட்டினாருன்னு ஒரு வார்த்த. போதும். புள்ள உங்ககிட்டத்தான்."

"அப்படி நடக்கலீங்களே" என்றாள் துளசிமணி.

"நடக்கலதான். நடந்ததத்தான் சொல்லோணும்னா வக்கீல் எதுக்குங்க?" என்று சிரித்தார். "நாஞ் சொன்னா ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க. அது வெறும் வார்த்த. அவரு சொன்னாத்தான் கெணறு வரும்."

லோகநாதனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று, படியிறங்கும் வரை தலையாட்டிக்கொண்டே வந்தான். பழைய வக்கீலிடம் ஒரு கையெழுத்து வாங்கி வந்தால் மாற்றிக்கொள்ளலாம். துளசிமணி நேராகத் தையல் கடை மாடிக்குப் போனாள். போகும்போது அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது: யோகமூர்த்தி மகளைத் தூக்கும்போது ஒரு கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துத் தூக்குவான், அவள் பிறந்த நாளிலிருந்து, வளர்ந்த பிறகும் அப்படியே.

சென்னியப்பன் மேசை மேல் செய்தித்தாளை விரித்துப் பொரி கொறித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பொரியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கேட்காமலே புரிந்துகொண்டு பேனாவைத் தேடினார், பேனா காதில் இருந்தது.

"மாத்திக்கறதுன்னா மாத்திக்கங்க அம்மிணி, நான் வருத்தப்பட மாட்டேன்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "வருத்தப்படுவேன். ஆனா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவேன்" என்றார்.

"புள்ள விசயத்துலயும் வாய் தவறிருமுங்களா?"

"தவறாதுன்னு சொல்ல எனக்கு ஆசைதான். சொன்னா அது பொய்யாப் போயிரும். எனக்கே என்ற வாய் மேல நம்பிக்க இல்லீங்."

"கெணறு வந்துச்சில்லீங்க…"

"அது என்ற தப்பு" என்றார் சென்னியப்பன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வீட்டுக்குள்ள பொம்பளைங்க தனியா இருக்கற எடத்துல, வேண்டாம்னு போனவர ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரவெச்சுட்டேன். ஊரெல்லாம் பருப்பு வேகுதுன்னு சொல்றாங்க. எனக்குத் தூக்கமில்லீங் அம்மிணி. தப்பு என்றதுதான்."

துளசிமணி பொரியில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். யோகமூர்த்தி போனதிலிருந்து அவளிடம் எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருந்தார்கள். நீ அனுசரித்திருக்கலாம் என்றார்கள், காலம் அப்படி என்றார்கள், கட்டிவைத்த அண்ணன் ஜாதகம் அப்படி என்றான், யோகமூர்த்தி ஒன்றுமே சொல்லவில்லை. என்ற தப்பு என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் இந்த மனுஷன்தான், அதுவும் அவளைப் பெற்றவரில்லை, கட்டியவரில்லை, பொரி தின்கிற ஒரு கிழவர். அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஆனால் அவர் எடுத்து வைத்த பேனாவை மூடினாள்.

"கட்டு மட்டும் மாறாமப் பாத்துக்கறேனுங்க" என்றாள்.

வெள்ளை முடிச்சுகளுக்குள்ளிருந்து தன் கட்டைத் தேடி எடுத்து, வேட்டித் துணியை அவிழ்த்துவிட்டு, பையில் கிடந்த தன்ஷிகாவின் பள்ளிக்கூட ரிப்பனால் கட்டினாள். சிவப்பு, ஒரு நுனியில் இங்க் கறை. லோகநாதன் விஷயம் கேட்டு, "அப்ப புள்ள போச்சுன்னு வெச்சுக்க" என்று சொல்லி, சொன்னதற்காக வருத்தப்பட்டு, மறுநாள் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

கடைசி வாய்தாவுக்கு ஊரே வந்துவிட்டது. விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள், பேக்கரிக்காரர் டீ கேனைக் கோர்ட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். சென்னியப்பன் இன்றைக்கு எங்கே தவறுவார் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். துளசிமணி இந்த முறை முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. தன் கை வேர்ப்பதை அவள் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சென்னியப்பன் எழுந்தார். சிவப்பு ரிப்பனைத் தேடி எடுத்தார், அவிழ்த்தார், ரிப்பனைச் சுருட்டிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். பேசினார். குழந்தை பிறந்ததிலிருந்து தாயாரிடம் வளர்கிறது என்றார், சரி. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம் என்றார், சரி. தாயார் மில் நடத்திச் சம்பாதிக்கிறார், தகப்பனார் மீது என் கட்சிக்காரிக்கு வேறு புகார் இல்லை, அவர் நல்ல தகப்பன்தான், குழந்தையை அவர் பார்த்துப் போவதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் குழந்தை தாயாரிடமே இருக்கட்டும் என்றார். எல்லாம் சரி. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஊர் மூச்சைப் பிடித்து விட்டது. எதிர்ப் பெஞ்சில் யோகமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். நல்ல தகப்பன் என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரப் போனவர் பாதியில் நிமிர்ந்து, "இன்னொண்ணுங்கம்மா" என்றார். "என்ற கட்சிக்காரி, வூட்டுக்காரர் போன நாள்ல இருந்து அழுதுட்டே இருக்காங்க. அவுங்க அழுகாத நாள் ஒண்ணு இல்லீங்."

 அங்கே இருந்த எல்லோரும் அவளிடம் மாவு வாங்கியவர்கள், மிளகாய் அரைத்தவர்கள். அந்த முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சென்னியப்பன் கட்டைப் பார்த்தார், கட்டு சரியான கட்டுதான். கட்டில் இல்லாதது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வெளுத்துப்போய்த் துளசிமணியைத் திரும்பிப் பார்த்தார்.

"திருத்தச் சொல்லு புள்ள" என்று பின்னாலிருந்து லோகநாதன் முணுமுணுத்தான். "அத்தனை நாள் அழுகையும் வந்தா நீ தாங்க மாட்ட."

தீர்ப்பு அதிக நேரம் எடுக்கவில்லை. விவாகரத்து கொடுக்கப்பட்டது. குழந்தை தாயிடம் இருக்கும். தகப்பன் தன் முறை நாட்களில், தண்ணீர் எடுக்க வரும்போது, பார்த்துக்கொள்ளலாம். நீதிபதி அம்மாள் பேனாவை மூடினார், எழுந்திரிக்கப் போனவர் எழுந்திரிக்காமல் துளசிமணியைப் பார்த்தார்.

"திருத்தம் ஏதாவது உண்டாம்மா?"

துளசிமணி எழுந்து நின்றாள். இல்லீங்க, நான் அழுததே இல்லீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் கிடைத்தாயிற்று, வீட்டுக்குப் போய் பெல்ட்டை மாட்டி, இப்படியே, எதுவும் எரியாமல், மிச்ச காலத்தையும் ஓட்டிவிடலாம். அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் என்று தெரிந்ததே அவளுக்குப் புதிதாக இருந்தது. சென்னியப்பனைப் பார்த்தாள், அவர் ரிப்பன் இருந்த பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்.

"இல்லீங்கம்மா" என்றாள். "அவரு சொன்னது இருக்கட்டும்."

அன்று பின்னேரம் ஊரில் பாதிப் பேருக்கு மிளகாய் அரைக்க வேண்டியிருந்தது. வாசலில் பையோடு வரிசை நின்றது, யாரும் அவசரப்படுத்தவில்லை. வெயில் இறங்கி, மில் கூரையைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவரில் கடைசியாக ஒட்டியிருந்த நேரத்தில் அவள் அழத் தொடங்கினாள். அவன் போன அன்றைக்கு அழ வேண்டியதை அழுதாள், அவன் சட்டைகளை மடித்து வைத்த அன்றைக்கு அழ வேண்டியதை அழுதாள், அவன் வருவான் என்று கொஞ்சம் கூடுதலாக உலை வைத்த நாட்களுக்கும், வர மாட்டான் என்று தெரிந்து அளவாக வைத்த நாட்களுக்கும், மகளுக்குக் காய்ச்சல் வந்து தனியாக உட்கார்ந்திருந்த நாளுக்கும், ஒன்றுமே நடக்காமல் வெறுமனே போன அத்தனை சாதாரண நாட்களுக்கும், விட்டுப்போன ஒவ்வொன்றுக்கும் வரிசை தவறாமல் அழுதாள். ருக்குமணி மில்லின் சுவிட்சை அணைத்தாள். மற்ற பெண்கள் பேசி முடிவு செய்து, ஆளுக்கொரு வேளையாக முறை வைத்து மில்லைப் பார்த்துக்கொண்டார்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த வாரத்து மாவில் உப்புப் போட வேண்டியிருக்கவில்லை என்று பின்னால் சொன்னார்கள்.

மறுநாள் யோகமூர்த்தியின் முறை. முதல் பஸ்ஸில் வந்தான், கதவு திறந்திருந்தது. துளசிமணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ளாமல், கிணற்றுச் சுவர் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவன் கேனைக் கீழே வைத்தான், வாளியை இறக்கினான், கயிறு பாதி போனதும் கை நின்றுவிட்டது. அந்தக் கிணறு வந்ததிலிருந்து அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"மொளகாயா?" என்றான்.

"இல்லீங்க" என்றாள் துளசிமணி. "உங்களுக்குத்தான்."

அவன் கையிலிருந்து கயிறு நழுவியது, உருளை கடகடவென்று ஓடி, வாளி அடியில் போய்த் தண்ணீரில் விழுந்தது.

"மெதுவா" என்றாள். "புள்ள தூங்குது."